மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்

அம்பத்தூரில் சொந்த வீடு வைத்திருப்பவன் ஒரு விண்ணப்பத்தில் ‘மாவட்டம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தால், அவனை வெளியூர்க்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அவனுக்கு விஷயம் அதிகமாகத் தெரியும்.

என் மூத்தவன் பிறந்தபோது நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் அதை இரண்டாக்கி, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்றார்கள். அதற்கப்புறம் பிறந்த மகள் திருவள்ளூர்க்காரி. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சிக்குள் போயிற்று, மாவட்டம் மட்டும் போகவில்லை. வீட்டு வரி சென்னைக்கு, பட்டா திருவள்ளூருக்கு. 2018-இல்தான் தாலுகாவும் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. பேத்தி சென்னைவாசியாகவே பிறந்தாள். மூன்று பேரும் தவழ்ந்தது ஒரே கூடத்தில். நான் அந்தக் கூடத்தை விட்டு நகரவே இல்லை. (இதே வாக்கியத்தை என் மனைவியும் சொல்வதுண்டு, வேறு தொனியில்.)

இதோடு முடிந்ததா? எங்கள் சட்டமன்றத் தொகுதி சேர்ந்திருப்பது ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில். போலீஸ் 2022 முதல் ஆவடி கமிஷனரகம். அந்த ஆவடி 2019-இலேயே தனி மாநகராட்சி ஆகிவிட்டது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பின்கோடு மயிலாப்பூர்போல 600-இல்தான் தொடங்கும். மாவட்டம் கேட்டால் திருவள்ளூர்.

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. கூட்டத்தில் எல்லோரும் சமோசா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரர்களில் பலர் வெளிநாட்டில். நாடு, மாநிலம், மாவட்டம் எல்லாம் வேண்டும். அவரவர் இஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் அடிக்க விட்டால் திருவள்ளூர் ஒன்றே ‘எச்’ போட்டும் போடாமலும், ஒரு ‘எல்’ஆகவும் இரண்டு ‘எல்’ஆகவும் நாலு மாவட்டமாகப் பெருகிவிடும். ஆகவே டிராப்-டவுன். கீழே விரியும், தொட்டால் போதும். விரிப்பதற்கு லிஸ்ட் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

“நாட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 3166 எடுத்துக்குங்க மாமா. அதுக்கு மேல யோசிக்காதீங்க” என்றார் மாப்பிள்ளை. சாஃப்ட்வேர்க்காரர். யோசிக்காதே என்று மாமனாரிடம் மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர்.

1974-இல் முதன்முதலாக வெளிவந்த பட்டியல் அது. நாட்டுக்கு இரண்டு எழுத்து. ஐ.நா.வில் உறுப்பு நாடுகள் 193. இதில் வரிகள் 249. மிச்சம் யார் என்று பார்த்தேன். ஹெர்ட் தீவும் மெக்டொனால்ட் தீவுகளும் இருந்தன. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானவை, அண்டார்டிகா போகிற வழியில் இருப்பவை, பென்குயின்கள் உண்டு, மனிதர்கள் கிடையாது. வரியை எடுத்துவிடலாமா, முறைப்படி விட்டுவைக்கலாமா என்று சாப்பாட்டு வேளையில் உரக்கச் சிந்தித்தேன்.

“அங்கேருந்து யாராவது சந்தா பாக்கி வெச்சிருக்காங்களா?” என்றாள் மனைவி. விட்டுவைத்தேன். பட்டியலில் கை வைக்கக் கூடாது என்பது கொள்கை.

அந்தப் பட்டியலும் லேசுப்பட்டதல்ல. செக்கோஸ்லோவாக்கியா உடைந்து காலியான ‘சிஎஸ்’ என்ற எழுத்துகளை, 2003-இல் செர்பியா-மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள். அவர்களும் 2006-இல் பிரிந்துவிட்டார்கள். ராசியில்லாத வீடு.

மாநிலத்துக்கு வந்தால் தெலங்கானா. 2014-இல் பிறந்தபோது வண்டி நம்பருக்கு ‘டிஎஸ்’, ஐ.எஸ்.ஓ. பட்டியலில் ‘டிஜி’. 2023 நவம்பரில் ஐ.எஸ்.ஓ. இறங்கிவந்து ‘டிஎஸ்’ என்று மாற்றிக்கொண்டது. 2024 மார்ச்சில் மாநிலம் வண்டி நம்பரை ‘டிஜி’ ஆக்கிவிட்டது. இந்த மாதிரி சமாதானங்களை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு மாவட்டங்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன. ஒரு லிஸ்டில் 32, இன்னொன்றில் 37, மற்றொன்றில் 38. எல்லாமே அந்தந்த நாளில் சரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32, 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை. யாரோ ஒருவர் என்றோ எடுத்த லிஸ்டை எல்லோரும் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரியில் போய் நின்றேன். மாவட்டம் முதல் கிராமம்வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எழுத்துக்கூட்டல் மாறலாம், எண் அப்படியே நிற்கும். கேலிக்கு இடமில்லாத, உருப்படியான வேலை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“பேரைச் சேமிக்காதீங்க மாமா, நம்பரைச் சேமிங்க. பேரு சும்மா காட்டுறதுக்குத்தான். பழைய செங்கல்பட்டையும் அழிச்சிடாதீங்க. 1997ன்னு முடிவு தேதி போட்டு வெச்சுக்குங்க. 2019ல வந்த செங்கல்பட்டு வேற ஆளு.”

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று மூத்தவனுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது விளங்கிற்று. இன்றைய லிஸ்டில் செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்தால், அவன் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பிறந்தவனாகிறான். “அப்போ ஆஸ்பத்திரியில இருந்தது யாரு?” என்று கேட்டாள் அவனைப் பெற்றவள்.

நம்பகமான லிஸ்ட், எண்கள், முடிவு தேதிகள் எல்லாவற்றோடும் படிவம் தயாராயிற்று. உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். அடுத்த தெரு ரிடையர்டு ஹெட்மாஸ்டரின் மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். அவர் நாட்டு வரிசையில் ஜார்ஜியாவைப் பார்த்து மகிழ்ந்து, அழுத்திவிட்டார். அது திபிலீசியைத் தலைநகராகக் கொண்ட தனி நாடு என்று பணிவோடு தெரிவித்தேன். “என் புள்ள ஜார்ஜியாலதான் இருக்கான். லிஸ்ட்டும் நீங்க போட்டதுதானே?” என்றார். பூகோளம் எடுத்தவர். மேலே பேச முடியவில்லை.

எதிர்வீட்டுக்காரரின் மகள் நியூஜெர்சியில். அவர் ‘நியூ’வில் தேடினார், நியூ கலிடோனியா, நியூசிலாந்தோடு தீர்ந்துவிட்டது. சளைக்காமல் ‘ஜெ’வுக்குப் போய், ஜப்பானுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே ஜெர்சியைக் கண்டுபிடித்தார். பிரான்ஸ் கரையோரம் இருக்கும் குட்டித் தீவு. தனக்கென்று பவுண்டு நோட்டே அச்சடித்துக்கொள்கிறது. மகள் வீட்டு இரண்டு வருட சந்தாவை அங்கே எந்த நாணயத்தில் கேட்டு எழுதுவது என்று பொருளாளர் தினமும் காலை நடையில் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்.