பாலையாற்றுத் தூண்டில்: கருத்தா யார் என்னும் ஆராய்ச்சி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டெஷூட்ஸ் என்றோர் ஆறு ஓடுகிறது. அங்கே கைடு ஒருவரை அமர்த்திக்கொண்டு, படகேறி, இறகால் கட்டிய போலி ஈயை வீசி ட்ரவுட் மீன் பிடிக்கும் ஒருநாள் பயணம் வெகு பிரசித்தம். அந்தப் பயணத்தில் மீனைப் பிடிப்பவர் யார் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். காசு கொடுத்தவர்தான் என்று சட்டென்று சொல்பவர், கைடு ஓட்டும் படகில் ஏறாதவர் என்க.

நிலத்திலிருந்து தொடங்குவதே முறை. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களைக் காஸ்கேட் மலைத்தொடர் தன் மேற்குச் சரிவிலேயே பிழிந்து வைத்துக்கொள்கிறது. கிழக்கே மிஞ்சுவது ஆண்டுக்கு 10 அங்குலத்தை ஒட்டிய மழை. ஆகவே இது பாலை. செஜ் புதர், ஜூனிபர் மரம், வாலைக் கிலுக்கும் விரியன் முதலியவை கருப்பொருள். பாலைக்குரிய ஆறலை கள்வர் மட்டும் கிடையாது. கட்டண விவரம் முன்கூட்டியே எழுத்தில் வந்துவிடுகிறது. மீன்பிடிப்பது நெய்தல் தொழிலாயிற்றே என்றால், திணை மயக்கம் என்று கொள்க. மலையில் விழுந்த பனி உருகி, எரிமலைப் பாறையின் துளைகளில் இறங்கி, நெடுநாள் கிடந்து, ஊற்றாகக் கிளம்பி ஆற்றில் சேர்கிறது. அதனால் சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்கும் கோடையிலும் ஆறு ஏறக்குறைய ஒரே மட்டத்தில், குளிர்ந்து ஓடுகிறது. உரிப்பொருளில் மயக்கமே இல்லை. அது பிரிவு. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவது இங்கே வழக்கம். பிடிபடாத மீன் தானாகவே பிரிகிறது.

படகு இறக்கும் துறைக்குப் பக்கத்து ஊரின் பெயர் மெட்ராஸ். நம்ப மறுப்பவர்கள் ஜெஃபர்சன் கவுன்ட்டியின் தலைநகர் எது என்று பார்த்துக்கொள்ளலாம். 1903 வாக்கில் வந்த பெயர். மெட்ராஸ் பருத்தித் துணியின் பெயரால் வந்தது என்பது ஒரு சாரார் கூற்று. நம் ஊரின் பெயரே நேராகக் கடல் கடந்தது என்பது மறுசாரார் கூற்று. எப்படியானாலும் சென்னைவாசிக்கு இந்த ஆய்வில் ஒரு பாத்தியதை உண்டு. மீன் வழியிலும் உறவு சொல்லலாம். டெஷூட்ஸில் திரியும் சிவப்புப் பட்டை ட்ரவுட்டும், வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட்டும் ஒரே இனம்தான்.

வாதத்துக்கு முதல் சான்று சட்டம். கீழ் டெஷூட்ஸில் மிதக்கும் எதன் மேலிருந்தும் தூண்டில் போடக் கூடாது. ஆக, படகுக்குக் காசு கொடுத்து, படகில் 16 கிலோமீட்டர் போய், மீன் பிடிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் படகைவிட்டு இறங்கித் தண்ணீரில் நிற்க வேண்டும். மிகப் பெரிய மீன்கள் கண்ணில் படுவது படகில் உட்கார்ந்திருக்கும்போதுதான். அவை சட்டம் படித்தவை. எந்தக் கரையில் இறங்குவது என்பதிலும் விதி உண்டு. படகு போகும் இந்தப் பகுதியில் இடக்கரை வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரின் நிலம். அங்கே தூண்டில் போட அவர்களிடம் தனிச் சீட்டு வாங்க வேண்டும், அதுவும் குறித்த ஒரு பகுதிக்கு மட்டும். மாநில அரசின் மீன்பிடி உரிமம் வேறு, படகுச் சீட்டு வேறு. உரிமத்தில் இருப்பது விருந்தாளியின் பெயர் (காசு கொடுத்தவரை இனி இப்படியே அழைப்போம், கைடுகளும் அப்படித்தான் அழைக்கிறார்கள்). ஆகவே சட்டத்தின் கண்ணில் பிடிப்பவர் விருந்தாளியே. வழக்கறிஞர்கள் இத்துடன் எழுந்து போகலாம்.

இலக்கணம் படித்தவர்கள் இருக்கவும். கரிகாலன் கல்லணை கட்டினான் என்றால் ஏவுதல் கருத்தா, சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்றால் இயற்றுதல் கருத்தா என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உலகத்தில் காசு கொடுப்பவர் ஏவுவார், வாங்குபவர் இயற்றுவார். இந்த ஆற்றில் அது தலைகீழ். "இன்னும் ரெண்டடி மேல போடுங்க. புரட்டுங்க. விடுங்க, விடுங்க, அப்படியே போகட்டும்... இழுங்க!" இது கூலி வாங்குபவரின் குரல். விருந்தாளி அந்த நேரத்தில் எதிர்க்கரையில் உட்கார்ந்திருக்கும் விராலடிப்பானைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புரட்டுவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க நடப்பது அதுதான். கரையோரம் தண்ணீர் சோம்பலாகவும் நடுவே வேகமாகவும் ஓடும். ஈ சோம்பல் நீரில் விழுகிறது. தூண்டில் நரம்போ வேக நீரில் கிடக்கிறது. நடுவெள்ளம் நரம்பை வயிறு தள்ள இழுத்துக்கொண்டு போக, ஈ பின்னாலேயே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். உயிருள்ள ஈ எதுவும் அப்படி ஓடியதில்லை என்பது சிறு குஞ்சுக்கும் தெரியும். ஆகவே ஈ விழுந்த மறுகணமே கோல் நுனியால் நரம்பின் வயிற்றை எடுத்து மேலாற்றுப் பக்கம் புரட்டிப்போட வேண்டும். புரட்டும்போது ஈ அசையக் கூடாது. விருந்தாளி புரட்டினால் நரம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, ஈ மட்டும் ஆகாயத்தில் பறக்கிறது.

மற்ற வேலைகளைக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் மோசம். மீன் எங்கே நிற்கும் என்று அறிந்தவர் கைடு. ஈயைத் தேர்ந்தவர் கைடு. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, மிஞ்சிய நுனியை நறுக்கியவர் கைடு. படகின் நடுவில், போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து, அதற்கு எதிராகவே துடுப்பு வலித்துப் படகின் வேகத்தை அடக்கியவரும் அவரே. மாட்டிய மீனைக் கைவலையில் ஏந்தியவர், முள்ளைக் கழற்றியவர், படம் எடுத்தவர் எல்லாம் அவர். படம் எடுக்கும்போது மீனைக் கேமரா பக்கமாகக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்கிறார். மீன் அங்கேயே வளர்கிறது. ஆகவே விருந்தாளி ஏவுதல் கருத்தாவும் அல்லர், இயற்றுதல் கருத்தாவும் அல்லர். மூன்றாம் வேற்றுமையில் அவருக்கு மிஞ்சியிருக்கும் இடம் ஒன்றுதான். குயவன் திரிகையால் குடம் வனைந்தான் என்பதைப் போல, கைடு விருந்தாளியால் மீன் பிடித்தார். துணைக்கருவி.

மீன் தப்பும்போது மட்டும் வாக்கியம் மாறிவிடுகிறது. அப்போது விருந்தாளியே எழுவாய்.

முன்னோர் இதைப் பற்றிச் சொன்னது குறைவு. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய ரோமாபுரி ஈலியன், மாசிடோனியர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இரண்டு இறகுகளைக் கட்டி மீனை ஏமாற்றினார்கள் என்கிறார். கைடைப் பற்றி மூச்சு விடவில்லை. பின்னாளில் இங்கிலாந்தில் ஈ தண்ணீர் மேல் மிதக்க வேண்டும் என்ற ஹால்ஃபோர்டின் வழியினரும், மூழ்கினாலும் தகும் என்ற ஸ்கூஸும் மோதி, விவகாரம் 1938இல் லண்டன் தூண்டில்காரர் சங்கத்தில் விவாதம் வரை போனது. கைடுக்கு அந்த நாமச் சண்டை கிடையாது. காலையில் ஈயை மூழ்கவிட்டு, மேலே வண்ணத் தக்கை ஒன்றைக் கட்டுவார், மாலையில் மிதக்கவிடுவார். மீன் எதற்கு வாய் திறக்கிறதோ அதுவே சம்பிரதாயம்.

இந்தக் கொள்கைகளெல்லாம் சில வாரங்களுக்குச் செல்லாமல் போவதும் உண்டு. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சால்மன் ஈ வரும் பருவம் அது. ஆற்றடிக் கற்களுக்கிடையே மூன்று நான்கு ஆண்டுகள் புழுவாகக் கிடந்த பூச்சி, கரையேறி, தோலை உரித்து, விரல் நீளத்துக்கு ஆரஞ்சு வயிற்றோடு புல்லில் தொங்குகிறது. நான்கு சிறகிருந்தும் ஒழுங்காகப் பறக்கத் தெரியாத பிறவி. காற்றடித்தால் பொத்தென்று தண்ணீரில் விழும். கரையோரப் புல்லின் நிழலில் வாயைத் திறந்தபடி ட்ரவுட் காத்திருக்கும். கழுத்துப் பட்டையில் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்க, விருந்தாளி எப்படி வீசினாலும் மீன் எடுக்கும் நாள்கள் அவை. கைடு மௌனமாகிவிடுவார். துணைக்கருவி கருத்தாவாக உயர்வு பெறும் அந்த நாள்களுக்குத்தான் முன்பதிவு நெரிசல்.

நெரிசலைக் கண்டு வியக்க வேண்டாம். டெஷூட்ஸ் பள்ளத்தாக்குக்கு வீண் போட்டி புதிதல்ல. 1909இல் ஜேம்ஸ் ஹில், ஹாரிமன் என்ற இரண்டு ரயில் முதலாளிகள் ஆளுக்கொரு கரையில், ஒருவரையொருவர் இடைமறித்துக்கொண்டே, பாறையை வெடிவைத்துத் தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். ஒரு பாதைக்குத் தேவையான சரக்கே அங்கே இல்லை.

கடைசியாக எண்ணிக்கைச் சிக்கல். வலையருகே வந்து, முள்ளை உதறிவிட்டுப் போன மீன் பிடித்த கணக்கா, விட்ட கணக்கா? விருந்தாளி எண்ணுவார். கைடு காலையில் எண்ணமாட்டார். அரைப்பொழுது கழிந்ததும் பாதியை எண்ணுவார். படகைக் கரையேற்றி வண்டியில் கட்டும்போது இருவர் கணக்கும் ஒத்துப்போய்விடுகிறது. அன்பளிப்பு கொடுக்கும் நேரமும் அதுதான்.