பன்னிரண்டு நிமிடமும் பத்துமலையும்

1987-இல் கோலாலம்பூரில் ஆறாவது உலகத் தமிழ் மாநாடு. சங்க இலக்கியத்தில் நெல் என்று கட்டுரை படிக்கத்தான் நான் போகிறேன் என்று நன்னிலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகிக்கொண்டிருந்த நானும் நம்பினேன். கட்டுரைக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிடம். அதற்காகப் பாசஞ்சரில் மாயவரம், அங்கிருந்து விடிய விடிய எழும்பூர், பிறகு மீனம்பாக்கம், கடல் தாண்டி சுபாங் என்று ஒருவன் ஏறி இறங்குவானா என்று யாரும் கேட்கவில்லை. அறிஞர்களை அவ்வளவாகச் சந்தேகப்படாத காலம் அது.

தனிநாயக அடிகள் முன்னின்று முதல் மாநாட்டை 1966-இல் கூட்டியதும் இதே கோலாலம்பூரில்தான். மூன்றாவது, 1970-இல் பாரிசில். அங்கே போய்வந்த ஒரு பெரியவரிடம் என்ன கட்டுரை படித்தீர்கள் என்று கேட்டேன், விட்டத்தைப் பார்த்தார். ஐஃபில் கோபுரம் என்றேன், லிஃப்ட் ஏறிய கதையைச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிறுத்தவில்லை. எங்கள் குலமரபு அப்படி.

எனக்கு வழிகாட்டி நூல் என்றால் கூத்தாநல்லூர் நண்பர்தான். "அங்க போயி ரூபான்னு சொல்லாதீங்க சார், வெள்ளின்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்து, எந்தத் தெருவில் இட்லி கிடைக்கும் என்பது வரை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டைக்கு மறுபக்கமெல்லாம் அக்கம்பக்கத்தார் கேட்ட கோடாலித் தைலக் கணக்கு. காமிராவில் 36 படச் சுருள் ஒன்றே ஒன்று. கூம்பும் குவிமாடமுமாக அரண்மனை வேஷம் போட்டிருந்த அந்தப் பழைய ரயில் நிலையத்துக்கு மூன்று கொடுக்கலாமா, இரண்டு போதுமா என்று அதன் எதிரே அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அவ்வளவு நேரம் ஒரு கட்டடத்தைப் பிறகு நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. கழுவி வந்தபோது இரண்டிலும் என் கட்டைவிரல்.

பத்துமலையின் 272 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். பால்மரம் வெட்டிக் கை காய்த்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்றார். சொன்னேன். அவருடைய அப்பா நன்னிலத்துக்காரர், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவராம்.

"நம்ம கோயில்ல தேன்கூடு இன்னும் இருக்குதா தம்பி?"

மதுவனேசுவரர் கோயில். கோச்செங்கணான் செய்தது என்று சுந்தரரே பாடிய பெருங்கோயில், தேவர்கள் தேனீயாக வந்து பூசித்ததாகத் தலபுராணம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்ததில், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முன்னால் உடைத்த தேங்காய்தான் நினைவுக்கு வந்தது. "இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பயணத்தில் அடிக்குறிப்பு இல்லாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம்.

ஒன்பதாவது மாநாடும் அங்கேயே வந்தது, 2015-இல், மலாயாப் பல்கலைக்கழகத்தில். பிப்ரவரி 1-ஆம் தேதி மாநாடு முடிகிறது, 3-ஆம் தேதி தைப்பூசம். ஆய்வாளர்களின் உள்ளக்கிடக்கை தெரிந்த யாரோதான் நாள் குறித்திருக்க வேண்டும். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். நன்னிலத்திலிருந்து திருச்சிக்குப் போன பஸ் அதைவிடச் சற்றே குறைவாக எடுத்துக்கொண்டது. புறப்படும் முன்பே பேரன் கைப்பேசியில் கோலாலம்பூரைத் தெருத்தெருவாகக் காட்டிவிட்டதால், 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்றபோது, வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க வந்தவன் போலிருந்தது. எண்ணூறு படம் எடுத்தேன். ஒன்றிலும் விரல் விழவில்லை. ஒன்றையும் திரும்பப் பார்க்கவுமில்லை. தைலம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் இம்முறை தயாராகப் போயிருந்தேன். கிளம்புமுன் கோயிலுக்குப் போய், கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்து, தேன்கூட்டைப் படம் பிடித்து வைத்திருந்தேன். பத்துமலையில் பூசக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. 2006-இல் எழுப்பிய 140 அடி முருகன் பொன்னிறத்தில் பளபளத்துக்கொண்டிருக்க, கீழ்ப்படியில் உட்கார்ந்து, வயதானவர் யார் வந்தாலும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பையன் வந்து நின்றான்.

"அங்கிள், ஒரு போட்டோ எடுங்க. முருகன் தலை வெட்டுப்படக் கூடாது."

அவன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். போதாது என்றான். இன்னும் பின்னால் போனேன். முருகன் முழுசாக அடங்குகிற இடம் வந்தபோது புறாக்களுக்கு நடுவே நின்றிருந்தேன்.