புயமும் பயமும்: ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மனிதன் ஏன் இரும்பைத் தூக்குகிறான்? லாரியில் ஏற்றத் தூக்கினால் கூலி உண்டு. ஜிம்மிலோ தூக்குகிறவனே காசு கட்டுகிறான். தூக்கியதை எடுத்த இடத்திலேயே வைத்தும் விடுகிறான். பொருளியலுக்குப் பிடிபடாத இச்செயலுக்கு இரு காரணங்கள் சொல்லப்படுகின்றன. 'பார்த்தாயா என் உடம்பை' என்னும் பகட்டு ஒன்று. 'பார்த்துவிடுவார்களோ என் உடம்பை' என்னும் பயம் மற்றொன்று. இவற்றுள் எது முந்தியது என்று துணிவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை: கழுத்துக்குக் கீழ், இடுப்புக்கு மேல். எல்லை இடுப்போடு நின்ற காரணம் நான்காம் இயலில் விளங்கும்.

2. சொற்சான்றுகள்

பகட்டுக் கட்சியின் வலுவான சாட்சி நம் சுவரொட்டிகளே. கட்டுடல் போட்டிக்குத் தமிழில் 'ஆணழகன் போட்டி' என்று பெயர். மேடையில் யாரும் எதையும் தூக்குவதில்லை. எண்ணெய் மினுமினுக்கத் திரும்பித் திரும்பி நிற்கிறார்கள். எனவே அழகே குறிக்கோள் என்பது பெறப்படும்.

பயக் கட்சியிடம் சொல்வளம் இன்னும் அதிகம். நோஞ்சான், ஒல்லிப்பிச்சான், ஓமக்குச்சி, 'காத்தடிச்சா பறந்துடுவே' என அது நீளும். தொல்காப்பியமும் இக்கட்சிக்கே துணை நிற்கிறது. மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் இடங்கள் நான்கு: கல்வி, தறுகண், புகழ், கொடை. பைசெப்ஸ் அதில் இல்லை. இளிவரல் பிறக்கும் நான்கிலோ 'மென்மை' இருக்கிறது. அதற்கு வறுமை என்று உரை உண்டு. சதை வறுமையும் வறுமையே என்பது இக்கட்டுரையாளன் துணிபு.

எழுத்திலக்கணச் சான்று ஒன்றும் உண்டு. 'பயம்' என்னும் சொல்லின் முதலெழுத்தில் ஓர் உகரத்தை ஏற்றினால் 'புயம்' ஆகிறது. உகரமோ பிள்ளையார் சுழி. ஆக, பயத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டால் புயம். இரண்டும் வெவ்வேறு வடசொற்களிலிருந்து வந்தவை என்று மொழிநூலார் கூறுவர். அக்கருத்து ஆய்வுக்கு இடையூறாக இருப்பதால் தள்ளப்பட்டது.

3. வரலாற்றுச் சான்றுகள்

பகட்டுக் கட்சியின் குலபதி யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் மியூலராகப் பிறந்தவர். பழங்காலப் பளிங்குச் சிலைகளைப் போலவே உடம்பை வார்த்துக்கொள்ள முனைந்தவர். 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய கட்டுடல் போட்டியில் நடுவர்களுள் ஒருவர் ஆர்தர் கோனன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் அன்று தடயம் தேடியது தோள்களில். சிலையைப் பார்த்து ஏங்கிய சாண்டோ கடைசியில் தாமே சிலையானார். மிஸ்டர் ஒலிம்பியா என்னும் கட்டுடல் போட்டியில் வெல்கிறவருக்குக் கொடுப்பது சாண்டோவின் உருவச்சிலையைத்தான். அவர் பெயர் கடல் தாண்டி வந்து நம்மிடம் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. கோவையிலிருந்து சினிமாவுக்கு வந்த சின்னப்பா தேவரை இன்றும் 'சாண்டோ'வைச் சேர்த்தே சொல்கிறோம்.

பயக் கட்சியின் குலபதி சார்லஸ் அட்லஸ். 1892இல் இத்தாலியில் ஆஞ்சலோ சிசிலியானோவாகப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். '97 பவுண்டு நோஞ்சான்' என்பது அவருடைய விளம்பரத்தின் உயிர். நம் கணக்கில் 44 கிலோ. கடற்கரையில் ஒரு தடியன், காதலி பார்த்திருக்க, நோஞ்சானின் முகத்தில் மணலை உதைக்கிறான். நோஞ்சான் தபாலில் பாடம் வரவழைத்து, தோள் பெருத்து, திரும்பி வந்து ஒரு குத்து விடுகிறான். பல பத்தாண்டுகள் காமிக்ஸ் புத்தகங்களில் இந்த மணல் பறந்தது. பயத்தைத் தபாலில் விற்றவர் உலகில் இவர்போல் வேறொருவர் அரிது.

இங்கேதான் ஆய்வு இடறுகிறது. சாண்டோ தம் நூலில், தாம் சிறு வயதில் நோஞ்சானாக இருந்ததாக எழுதுகிறார். அட்லஸோ 1922இல், குறையற்ற உடற்கட்டு உடையவர் என்று பட்டம் வாங்கியவர். ஒரு கட்சியின் தலைவர் மறு கட்சியின் அடிப்படை உறுப்பினராகவும் இருக்கும் நிலை நமக்குப் புதிதன்று.

4. களஆய்வு

களம்: ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே ஆளுயரக் கண்ணாடி மாட்டிய ஒரு ஜிம். காலம்: காலை ஐந்தரை. முதல் நாள் வருகிறவன் முழுக்கைச் சட்டையில் வருகிறான்; கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கிறான். சில மாதங்களில் கை அரைக்கையாகிறது, பிறகு கையே இல்லாத பனியனாகிறது. இப்போது அவனைக் கண்ணாடியிடமிருந்து பிரிக்க முடியவில்லை. அதே ஆள், அதே கண்ணாடி. திரும்பி நின்றது மட்டுமே வேறுபாடு.

ஆனால் அங்கே இருப்பவர்களிலேயே பெரிய உடம்புக்காரர் தொளதொள சட்டையோடு மூலையில் உட்கார்ந்து, "இன்னும் செட் ஆகலண்ணே" என்கிறார். இது தன்னடக்கமன்று. மலைபோல் வளர்ந்தும் தன்னைச் சுண்டெலியாகவே காணும் இந்நிலைக்கு, 1997இல் ஹாரிசன் போப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று பெயரிட்டார்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் கட்டுரையாளன் சிரிப்பதை நிறுத்திக்கொள்கிறான்.

இனிக் கால். பகட்டும் பயமும் ஒருமனதாகக் கைவிட்ட உறுப்பு அது. வேட்டி, லுங்கி, பேன்ட் மூன்றும் அதை மறைத்துவிடுவதால் பகட்டவும் வழியில்லை, பயப்படவும் தேவையில்லை. அப்படியும் சிலர் பஸ்கி எடுக்கிறார்களே என்றால், அங்கே மாஸ்டர் நிற்கிறார். "குருவி தலையில பனங்காய்னு கேட்டிருக்கேன் தம்பி. குருவிக் கால் மேல பனங்காய் இப்பதான் பாக்குறேன்" என்கிறார். அன்று கால் மடங்குகிறது.

5. முடிபு

ஜிம்மில் முதல் மாதக் காசைக் கட்டுவது பயம். அடுத்த மாதங்களுக்குக் கட்டுவது பகட்டு. இரண்டுக்கும் பை ஒன்றே. காலுக்கு மட்டும் இவ்விரண்டும் உதவா, மாஸ்டர் வேண்டும்.

கட்டுரையாளனின் புயச் சுற்றளவைக் கேட்டு எழுத விரும்பும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: இவ்வாய்வு முழுவதும் முழுக்கைச் சட்டை அணிந்தே எழுதப்பட்டது.