கைமாறும் சாமான்களின் இயல்பும் இயக்கமும்: பழவேற்காட்டை முன்வைத்து

0. முன்னுரைக்கு முன்

வீட்டிலுள்ள பழைய சாமானை ஃபோனில் படம் பிடித்துப் போட்டு விற்பது எப்படி என்பதை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதினால் எல்லாருக்கும் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் அது ஆய்வாகாது. ஆகவே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரை ஆராய வந்து, அத்தை வைத்த நண்டுக் குழம்பில் இரண்டாம் முறை சோறு பிசைந்து சாப்பிட்டு, அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு போய், ஆய்வேட்டில் அவளைத் 'தகவலாளர் 4' என்று எழுதியவர்கள் உண்டு. எண் போட்டதில் அத்தைக்கு வருத்தமில்லை. முதல் மூன்று பேர் யார் என்பதுதான் அவள் கேள்வி.

1. ஆய்வு எல்லை

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அவ்வளவு பரப்பையும் ஆராய்வது ஒருவரால் ஆகாது. எனவே இவ்வாய்வு கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை, பரண், சிக்னல் கிடைக்கும் முருங்கை மரத்தடி ஆகிய மூன்றோடு நிற்கிறது. முருங்கை மரத்தடி மழைக்காலத்தில் ஆய்வு எல்லைக்கு வெளியே போய்விடும்.

2. கருதுகோள்

பழைய சாமான் விற்றால் காசு வரும்.

3. முன்னாய்வுகள்

இத்துறையின் முதல் அறிஞர் பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் அறிஞர் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தவர். பட்டுப் புடவையைப் பார்த்தாலும் "சாயம் போச்சும்மா" என்பது அவரது கோட்பாடு. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததில் இத்துறையின் முதன்மைத் தரவுகள் பெருமளவு சாம்பலாயின. எஞ்சியவை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளாகவும் பீங்கான் ஜாடிகளாகவும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆயினும் இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, இந்தப் பக்கத்துத் தறித்துணியை வாங்கிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றினார்கள். பேரீச்சம்பழக்காரரின் முறையேதான். தள்ளுவண்டிக்குப் பதில் கப்பல். கூவுவதற்குப் பதில் பீரங்கி. மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாடே நடக்கிறது. எங்கள் ஊருக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

பிறகு நடந்ததே இத்துறையின் உச்சம். 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவில் டச்சுக்காரர் வைத்திருந்த இடங்கள் ஆங்கிலேயருக்கு. சுமத்ராவில் ஆங்கிலேயர் வைத்திருந்த பென்கூலன் டச்சுக்காரருக்கு. மறு ஆண்டு பழவேற்காடு கைமாறியது. சுருங்கச் சொன்னால் எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போன ஊர். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் பழைய மிக்சியை விற்பதில் வியப்பென்ன?

4. சொல்லாய்வு

'செகண்ட் ஹேண்ட்' என்பதை 'இரண்டாங்கை' என்பாரும் 'இருகை' என்பாரும் உளர். இருகை எனின் எல்லாச் சாமானையும் இரண்டு கையாலும் தூக்க வேண்டும். ஆட்டுக்கல்லுக்குப் பொருந்தும், மூக்குத்திக்குப் பொருந்தாது. ஆகவே அது தள்ளுண்டது.

'பழவேற்காடு' என்ற பெயரில் முதலில் நிற்பது 'பழ'. பழம், பழைமை என இரண்டுக்கும் அதுவே அடி. பேரீச்சம்பழமும் பழைய சாமானும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை என்பது இதனால் நிறுவப்படுகிறது. இதை அத்தையிடம் விளக்கியபோது "சரி, அந்த வேலு மரத்த யாரு வெட்டனது?" என்றாள் (அத்தை, நேர்ப்பேச்சு). இக்கேள்வி ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

5. சாமான்களின் வகைப்பாடு

5.1 மின்சாரத்தில் ஓடுபவை: ஓடா.

5.2 ஓடுமென்று சொல்லி விற்கப்படுபவை: மேற்படி.

5.3 பித்தளை: தவலை, கூஜா, குத்துவிளக்கு. புளி போட்டுத் தேய்த்தால் 'ஷைனிங்', தேய்க்காவிட்டால் 'ஆன்டிக்'. சோம்பேறித்தனத்துக்கு விலை கிடைக்கும் ஒரே உலோகம் இது.

5.4 பறி: ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பல்லில் கவ்விக்கொள்ளும் ஓலைப்பெட்டி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் மூன்றாவது கை வாய்தான். மச்சான் இதற்குள் பல்பு போட்டுப் படம் எடுத்து 'ரஸ்டிக் லேம்ப் ஷேட்' என்று போட்டான். வாங்கிய அம்மணி "உண்மையாகவே பயன்படுத்தியதுதானே?" என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பினார். காரணம்: பயன்படுத்திய வாசம் வருகிறதாம்.

5.5 காசு. இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

5.5.1 ஆயா போன பிறகு அவள் சுருக்குப்பையில் கிடைத்தது ஒரு செப்புக்காசு. பாக்குத் தூளும் புகையிலையும் ஏறிக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த கேடயம். மறுபக்கம் பெரிய 'வி'. அதன் இரண்டு கால்களிலும் 'ஓ', 'சி'. அடியில் 1790. மச்சான் அதைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். அன்றிரவே முருங்கை மரத்தடியிலிருந்து உலகுக்கு அறிவித்தான்: 'கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. தன் கப்பல் கம்பெனிக்காக வெளியிட்ட அபூர்வ நாணயம். ஒன்று மட்டுமே உள்ளது. பேரம் இல்லை.'

5.5.2 இதிலிருந்து இரண்டு பள்ளிகள் தோன்றின. ஆம்ஸ்டர்டாம் பள்ளியார் (அடியேன்), அது 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்றனர். தூத்துக்குடிப் பள்ளியார் (மச்சான்) அதை மறுத்தனர். வ.உ.சி. பிறந்தது 1872, காசில் இருப்பதோ 1790, எனவே 82 ஆண்டு இடிக்கிறது என்றோம். அதற்கு அவர்கள் கொடுத்த விடைகள் தமிழாய்வு உலகம் அறிய வேண்டியவை.

விடை ஒன்று: 1790 என்பது ஆண்டன்று, விலை.

விடை இரண்டு: அது கொல்லம் ஆண்டு. கணக்கிட்டால் கி.பி. 2615 வருகிறது. ஆகவே இது இன்னும் அச்சடிக்கப்படாத காசு. அபூர்வம் என்பது இதனால் மேலும் உறுதிப்படுகிறது.

விடை மூன்று: அது சக ஆண்டு. கணக்கிட்டால் 1868. பிறப்புக்கு நான்கே ஆண்டுதான் இடிக்கிறது. நூல்களின் காலத்தை நூறு நூறு ஆண்டாக முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பட்டம் வாங்கும் துறையில் நான்கு ஆண்டு ஒரு பொருட்டா?

மூன்றாம் விடைக்கு ஆம்ஸ்டர்டாம் பள்ளியிடம் இன்றுவரை பதில் இல்லை.

5.5.3 மாமா இரு பள்ளிகளையும் சமரசம் செய்தார். "ரெண்டும் கப்பல் கம்பெனி. ரெண்டும் நொடிச்சுப் போச்சு. இன்னாத்துக்குச் சண்ட?" (மாமா, திண்ணை உரைகள், இரண்டாம் பீடி, முதல் இழுப்பு). டச்சுக் கம்பெனி 1799-இல் கடனிலும் ஊழலிலும் மூழ்கியது; 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியை வெள்ளைக்காரன் மூழ்கடித்தான். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னபோது மாமா, "முழுவனது முழுவனதுதான்" என்றார் (மேலது, மூன்றாம் பீடி, அணைந்த பின், இவ்விடத்தில் ஓர் இருமலால் பாடம் சிதைந்துள்ளது. 'முங்குனது முங்குனதுதான்' என்பது பக்கத்து வீட்டுப் பாடம், அவ்வீட்டார் சுவருக்கு அப்பால் இருந்து கேட்டமையால் அது கொள்ளத்தக்கதன்று).

5.5.4 காசை வாங்க ஒருவர் வந்தார். லட்ச ரூபாய் தருவதாகவும், அதற்கு முன் ரிசர்வ் வங்கிக்குக் கமிஷன் என்று இரண்டாயிரம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். பழைய காசு, பழைய நோட்டு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்திருந்தது. அதை அனுப்பினேன். ஆய்வாளர் தடுக்கப்பட்டார், அதாவது அவர் என்னைப் பிளாக் செய்துவிட்டார்.

5.5.5 இறுதியில் காசை விற்க முடியாமல் போனது மாமாவாலும் அன்று, மச்சானாலும் அன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய காசும் தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். 99 ஆண்டு ஆனது சரக்கு, 100 ஆனால் வரலாறு. சரக்கை விற்கலாம், வரலாற்றை விற்க லைசென்ஸ் தேவை. (பேராசிரியர்களுக்கு இச்சட்டம் ஏன் பொருந்தவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.) காசாக இருந்தும் காசாகாத அக்காசு, இப்போது அத்தையின் முக்காலி ஆடாதபடி ஒரு காலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் கடலையே ஆட்டிய கம்பெனி.

6. வாங்குவோர்

இவர்கள் நால்வகையர். 'லாஸ்ட் எவ்ளோ' என்று தொடங்குவோர். 'இன்னும் இருக்கா' என்று கேட்டு, இருக்கிறது என்றதும் மறைவோர். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும்' என்போர். பணம் போகத்தான் பின் நம்பர், வருவதற்கு வேண்டாம் என்பதை அறிந்தவருக்கு இவர்களால் தீங்கில்லை. நான்காம் வகையினர் வாங்குவோர். அவர்களைப் பற்றிப் போதிய தரவுகள் கிடைக்கவில்லை.

7. பாடு முறை

வீட்டில் நல்ல கேமரா உள்ள ஃபோன் ஒன்றே. பயன்படுத்த விரும்புவோர் நால்வர். இச்சிக்கலுக்கு ஏரியிலேயே தீர்வு இருந்தது. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்து மாற்றிக்கொள்வதைப் 'பாடு' என்பார்கள். யாரும் எப்போதும் நல்ல இடத்திலேயே வலை கட்ட முடியாது. யாரும் எப்போதும் காய்ந்தும் போக மாட்டார்கள். வெளிநாட்டு அறிஞர்கள் வரை வந்து எழுதிப்போன ஏற்பாடு. அதை ஃபோனுக்கு நீட்டினோம். திங்கள் எனக்கு, செவ்வாய் மச்சானுக்கு, புதன் அவன் தங்கைக்கு, மீதி அத்தையின் சீரியலுக்கு. மீதி நான்கு நாள் எப்படி ஒருவருக்கே விழுந்தது என்று கேட்டால், சீட்டை எழுதியவள் அத்தை.

8. நேர்வு ஆய்வு: துடுப்பு

மாமாவின் துடுப்பு கூரைச் சந்தில் செருகிக் கிடந்தது. ஃபைபர் போட்டும் இன்ஜினும் வந்த பிறகு அதற்கு வேலை குறைவு. பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, கை வடிவில் பள்ளம் விழுந்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காபிக்கடை வைக்கிற ஒருவர் சுவரில் மாட்டக் கேட்டார். "டிஸ்ட்ரெஸ்டு ஃபினிஷா சார்?" என்றார். மச்சான் அதை மாமாவுக்கு 'கஷ்டப்பட்டதா' என்று மொழிபெயர்த்தான். "ரொம்ப" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தது. மொத்தம் இரண்டாயிரம்.

பன்னிரண்டாம் நாள் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இன்ஜின் விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டது. மணல் மேடு ஒரு பக்கம், இழுக்கிற நீர் ஒரு பக்கம். மாமா பழக்கத்தில் கையை நீட்டித் துடுப்பைத் தேடினார். துடுப்பு காபிக்கடைச் சுவரில் இருந்தது. பக்கத்துப் போட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தார்.

புதுத் துடுப்புக்கு ஆசாரி கேட்டது இரண்டாயிரத்து எண்ணூறு. நிகர நட்டம் எண்ணூறு. பழைய பொருள் விற்போருக்கான ஜிஎஸ்டி விதி 32(5), வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கே வரி என்கிறது. அந்த வித்தியாசம் மைனஸில் போனால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறது. எங்கள் தொழிலை உள்ளும் புறமும் உணர்ந்து எழுதப்பட்ட ஒரே நூல் அதுதான். நாங்கள் வரி கட்டும் அளவுக்கு விற்பதில்லை, ஆறுதலுக்காகப் படிக்கிறோம்.

9. முடிவுரை

கருதுகோள் நிறுவப்படவில்லை. வழக்கம்போல் அது நிறுவப்பட்டதாகவே கொள்ளப்படுகிறது.

இத்துறைக்கும் ஆய்வுத்துறைக்கும் உள்ள உறவு ஒன்று புலனாயிற்று. முனைவர் பட்ட ஆய்வேடு பலவும் கைமாறி வந்த சரக்கே. நாங்கள் எங்கள் சரக்கின் மேல் 'யூஸ்டு' என்று எழுதி விற்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு.

இனி, 'பழைய சாமான்' என்றால் என்ன என்ற வரையறை இன்னும் மீதி இருக்கிறது. வயதைக் கொண்டு வரையறுத்தால் முக்காலிக்கடிக் காசு உதைக்கிறது. பயன்பாட்டைக் கொண்டு வரையறுத்தால் பறி உதைக்கிறது. துடுப்பு இரண்டையுமே உதைக்கிறது. இதை நான் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, அத்தை மடவை மீன் ஆய்ந்தபடி நிமிராமலே சொன்னாள்:

"டேய், இன்னொண்ணு வாங்க முடிஞ்சவன் வூட்ல கெடந்தா அது பழசு. முடியாதவன் வூட்ல கெடந்தா அது சாமான். இதுக்குப் போயி இத்தினி பேப்பரா?" (அத்தை, அரிவாள்மனை உரைகள், ஐந்தாம் மீன், வால்பகுதி, குறிப்பெடுத்த தாளில் செதில் ஒட்டியிருப்பதால் 'வூட்ல' என்பதை 'ரூட்ல' என்றும் படிக்கலாம், பூனை குறுக்கிட்டதால் பின்வந்த வசவு பதிவாகவில்லை.)

இவ்வரையறை மேற்கண்ட எல்லாச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது. எனினும் இதை ஏற்பதற்கில்லை. இதற்கு மேற்கோள் நூல் எதுவும் இல்லை. சொன்னவரும் வெறும் தகவலாளர், அதிலும் நான்காமவர்.