முரட்டு: ஓர் ஒற்று காணாமல் போன வரலாறு

'முரட்டு' என்ற பெயரடை எங்கிருந்து கிளம்பியது என்பதில் இவ்வாய்வாளருக்கும் அவர் வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மாறுபாடு, வலிமை என்ற இரு பொருளும் உடைய 'முரண்'தான் தாய்ச்சொல் என்பது என் கட்சி. கணு விழுந்த மரக்கட்டையைக் குறிக்கும் 'முருடு'தான் மூலம் என்கிறாள் மனைவி. கட்டைக்குச் சான்றாக என்னையே காட்டுகிறாள்.

'கரடுமுரடு' என்ற ஜோடியில் கரடு, சின்னப் பாறைக்குன்றுக்குப் பேராகி மதுரைப் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. முரடுதான் மனிதர் தலையில் ஏறியது.

முரடு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். பின்னால் ஒரு பெயர் வந்து சேர்ந்தால் டகரம் இரட்டிக்கும், வயிற்றுவலியில் றகரம் இரட்டிப்பதுபோல. பவணந்தி முனிவர் நன்னூலில் விதியே வைத்திருக்கிறார். வருவது வல்லினமானால் அங்கேயும் ஓர் ஒற்று முளைக்கும். 'முரட்டுக்காளை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'முர' வரை நாக்கு சாதுவாகப் போகிறது. 'ட்டு'வில் அண்ணத்தை இடித்து, 'க்'கில் தொண்டையை அடைக்கிறது.

1980-இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினி நடித்த 'முரட்டுக்காளை'யில் அந்த 'க்' பத்திரமாக இருந்தது. 2018-இல் 'இருட்டு அறையில் முரட்டு குத்து' வந்தபோது இல்லை. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் எங்கே போனது? போனது தனியாகவும் போகவில்லை, பொருளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முன்பெல்லாம் முரட்டு என்றால் சொரசொரப்பு: உடம்பை அறுக்கும் கதர், கயிறு இழுத்துக் காய்த்த கை, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பாட்டி வைத்திருந்த கரித்துணி. இப்போது அதற்கு 'ரொம்ப' என்று பொருள். முரட்டு தூக்கம், முரட்டு பசி, முரட்டு ஃபேன்.

இவ்வகையில் உச்சம் 'முரட்டு சிங்கிள்'. கள ஆய்வுக்கு அக்கா வீடே போதுமானதாக இருந்தது. அவள் மகன், வயது 28, அவ்வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பளம் நமுத்துவிட்டது என்று வேறு கேட்டான். சட்டை துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. கன்னத்தில் ஏதோ கிரீம். சொரசொரப்பு எங்கும் தென்படவில்லை.

"முரட்டுச் சிங்கிள் என்றுதான்டா வரணும்" என்று பேனாவை எடுத்தேன்.

"ஐயோ, வேணாம் மாமா! நடுவுல ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் நான் எப்படி சிங்கிள்?"

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "நீ போட்டு விடுடா தம்பி."