'கேஸ் கம்மி' என்னும் சர்வரோக நிவாரணி குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஏசி கார் வாங்கிவிட்டுக் கத்திரி வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும் சென்னை உரிமையாளர்கள்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், அங்கீகரிக்கப்பட்ட கார் சேவை மையம், சென்னை.

பொருள்: காரின் குளிர்சாதனக் கோளாறுகள் அனைத்திற்கும் ஒரே மருந்து கண்டமைக்குப் பாராட்டுத் தெரிவித்தல், சில ஐயங்களுக்கு விளக்கம் கோருதல்.

பார்வை: தங்கள் மையத்தின் ஜாப் கார்டு. புகார்: 'ஏசி கூலிங் இல்லை.' தீர்வு: 'கேஸ் டாப்-அப் செய்யப்பட்டது, ஓகே.'

மதிப்பிற்குரிய ஐயா,

காற்று சூடாக வருகிறது என்று ஒருவர் முறையிட்டாலும், சாலையில் ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் அனலாகிறது என்று இன்னொருவர் சொன்னாலும், ஃபேன் நான்காம் எண்ணில் மட்டுமே சுழல்கிறது என்று மூன்றாமவர் வந்து நின்றாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே 'கேஸ் கம்மி சார்' என்று நோயை அறிந்துவிடும் தங்கள் மையத்தின் ஆற்றல் போற்றத்தக்கது. நோயாளியைத் தொடாமலே மருந்தெழுதும் இக்கலை பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இன்னும் இடம்பெறாதது கல்வித் துறையின் குறையேயன்றித் தங்களுடையது அன்று.

எனினும், பழைய இயற்பியலையே படித்து வளர்ந்த உரிமையாளர்களுக்குச் சில ஐயங்கள் எழுகின்றன. அந்த இயற்பியலின்படி, காரின் குளிர்சாதனம் என்பது மூடிய சுற்று ஒன்றில் ஓடும் குளிர்பொருளின் வேலையாகும். எஞ்சின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் அதன் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு அதைத் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளை அதன் அழுத்தத்தைச் சட்டென்று குறைக்கிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர், அதாவது மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று அழைக்கும் உறுப்பு, அத்திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காரின் உட்காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆவியான பொருள் மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. பெட்ரோலைப் போல இது எரிந்து தீர்வதில்லை. ரப்பர் குழாய்களின் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் ஆண்டுக்காண்டு சிறிதளவு கசிவது இயல்புதான். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் ஒரு வண்டிக்கு வாயு நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அந்த ஓட்டையைத் தேடாமல் அதற்குத் தொடர்ந்து வாயு வழங்கிவரும் தங்கள் ஈகையை உரிமையாளர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். அந்த ஈகைக்கான பில் அவர்கள் பெயரில் வருவதுதான் சற்று உறுத்துகிறது.

கோளாறு எதுவென்று கூறுவதற்காகவே நீல மானியும் சிவப்பு மானியும் கொண்ட கருவி ஒன்று உண்டு. நீலம் தாழ்பக்க அழுத்தத்தையும் சிவப்பு உயர்பக்க அழுத்தத்தையும் காட்டும். ஏசி ஓடும்போது இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயு குறைவு என்று ஐயுறலாம். தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டுமே ஏறியிருந்தால் வாயு மிகையாக இருக்கலாம், அல்லது கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறலாம். சிக்னலில் மட்டும் அனலாகும் வண்டிக்குப் பெரும்பாலும் இந்த மூன்றாம் நிலைதான்: ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது செய்ய வேண்டிய கண்டென்சர் ஃபேன் சுழலவில்லை. அத்தகைய வண்டிக்கு மேலும் வாயு ஏற்றினால் உயர்பக்க அழுத்தம் எல்லை மீறி, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். அதாவது பாதி குளிர்ந்த கார் சிகிச்சைக்குப் பின் முழுமையாகச் சூடாகும். ஃபேன் நான்காம் எண்ணில் மட்டும் சுழலும் வண்டியில் பழுதானது பெரும்பாலும் புளோவரின் ரெசிஸ்டர் என்னும் சிறு பாகம். அதற்கும் வாயுவுக்கும் எந்த உறவும் இல்லை.

தங்கள் மையத்தில் மேற்படி மானிகள் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருப்பதை வாடிக்கையாளர்கள் கண்டு மகிழ்ந்திருக்கிறார்கள். அளவிடும் பணியை சர்வீஸ் அட்வைசரின் உள்ளங்கை ஏற்றுக்கொண்டுள்ளது. மாலை ஏழு மணிக்கு, வெயில் தாழ்ந்த பின், கூரை நிழலில் நிற்கும் காரின் காற்றுத் துவாரத்தின் முன் அக்கையை ஒருமுறை வீசி 'ஜில்லுன்னு வருது பாருங்க' என்று அறிக்கை வெளியிடப்படுகிறது. இருநூறு ரூபாய் வெப்பமானியைத் துவாரத்தில் செருகி, நண்பகலில், எஞ்சினைச் சற்று முடுக்கிவைத்துப் பார்க்கும் நாட்டுப்புற முறையைத் தங்கள் மையம் கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மானி இருந்தாலும் அதைக் கேட்கும் முறை ஒன்று உண்டு என்பதையும் பணிவுடன் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும் வேளையில், 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள் உள்ள சுற்றில் இரு மானிகளும் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும்; உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும்வரை, மொத்த அளவு பாதியானாலும் இந்த எண் மாறாது. எனவே 'பிரஷர் பார்த்து ஊற்றினோம்' என்பது அளவு ஆகாது. இருக்கும் வாயுவை மீட்டெடுத்து, சுற்றை வெற்றிடமாக்கி, ஈரத்தையும் காற்றையும் போக்கி, வெற்றிடம் நிலைக்கிறதா என்று காத்திருந்து பார்த்து, பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள தாளில் கண்ட எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவதே முறை. நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரையாலும், புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தாலும் ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். ஓட்டை கூலிங் காயிலில் இருந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும் என்பதும், தேடாத இடத்தில் ஓட்டை கிடைக்காது என்பதும் தங்களுக்குத் தெரிந்தவையே.

தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஓட்டுநர் வேண்டிய வெப்பநிலையை ஒருமுறை குறித்துவிட்டால் அதைத் தானே காக்கும் அமைப்பைக் காடிலாக் நிறுவனம் 1964 மாடல்களிலேயே தந்துவிட்டது. இன்றைய வண்டிகளில் உட்காற்றை அளக்கும் உணரியும், வெயிலை அளக்கும் உணரியும், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவுகளை அசைக்கும் மோட்டார்களும் ஒரு கணினிக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர் பக்கம் குளிர்ந்து பக்கத்து இருக்கை வேகும்போது, அந்த மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கக்கூடும்; ஸ்கேனரைச் செருகினால் பல வண்டிகள் அதைப் பிழைக் குறியீடாகவே சொல்லிவிடும். வண்டி தன் வாயால் சொல்வதைக் கேட்காமல் அதன் வாயில் வாயுவை ஊற்றுவது தங்கள் மருத்துவத்தின் தனிச்சிறப்பு.

வெளியேறும் வாயு எங்கே போகிறது என்பதும் கேட்கத்தக்கது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாக ஆர்-12 என்னும் பழைய குளிர்பொருள் கைவிடப்பட்டு ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைத் தின்பதில்லை, ஆனால் நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். அரைக் கிலோ கசிந்தால் 700 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கு அது ஈடு. கோடை கடுமையாவதால் வாடிக்கையாளர் வருகிறார், வாடிக்கையாளர் வருவதால் கோடை கடுமையாகிறது என்னும் இந்த வணிகச் சுழற்சியைத் தொலைநோக்குத் திட்டம் என்று பாராட்டாமல் இருக்க இயலாது.

ஆகவே உரிமையாளர்களின் கோரிக்கை எளியது. வாயு ஏற்றும் முன்னும் பின்னும் இரு மானிகளின் எண்கள், துவாரத்துக் காற்றின் வெப்பநிலை, மீட்ட வாயுவின் எடை, ஏற்றிய வாயுவின் எடை ஆகியவை ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். 'ஓகே' என்னும் ஈரெழுத்துக் காவியம் அவற்றுக்கு ஈடாகாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குக் 'கேஸ் கம்மி' என்று பதில் சொல்லிவிட முடியாது.

இப்படிக்கு,
வியர்வையுடன்,
கார் உரிமையாளர்கள்.