பாதிச் சிநேகிதத்துக்கு ஒரு விசா

மகா கனம் பொருந்திய ஷெங்கன் விசா அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு,

தரங்கம்பாடிக்கு அடுத்த ஒரு சிற்றூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து, பிள்ளைகளின் விடைத்தாள்களில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்தே கை தேய்ந்து ஓய்வு பெற்றவனாகிய அடியேன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தங்கள் திருப்பெயர் எனக்குத் தெரியாது. தங்கள் உத்தரவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் நெளிந்திருந்தது. தங்கள் நாட்டின் பெயரை நான் அறிவேனாயினும் நாகரிகம் கருதி அதை இங்கே எழுதவில்லை. ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் 29 நாடுகளில் அது ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். இதனால் மற்ற 28 நாடுகளின் மீதும் வீணாகச் சந்தேகம் விழுமே என்று தாங்கள் வருந்தக்கூடும். செய்யாத குற்றத்துக்குச் சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவையும் ஒரு முறை அனுபவித்துப் பார்க்கட்டுமே.

விஷயம் இதுதான். என் பேத்தியும் அவள் சிநேகிதியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்து, ஒருத்தியின் சைக்கிள் பஞ்சரானால் மற்றொருத்தியின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய், இந்த ஆண்டு பிளஸ் டூ தேறினார்கள். இருவருக்கும் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. ஒருத்தி கோயம்புத்தூருக்கு என்ஜினீயரிங் படிக்கவும் மற்றொருத்தி தஞ்சாவூருக்கு நர்ஸிங் படிக்கவும் பிரிந்து போவதற்கு முன்னால், பதினைந்து நாள் சேர்ந்து ஐரோப்பாவைப் பார்த்து வருவதென்று சங்கல்பம் செய்துகொண்டார்கள். பேத்திக்கு, முதிர்ந்திருந்த என் டெபாசிட் ஒன்று கைகொடுத்தது. சிநேகிதிக்கு, தையல் தைத்துக் குடும்பம் நடத்தும் அவள் தாயார் கட்டிவந்த சீட்டுப் பணமும், மருமகளின் மதிப்பெண்ணைக் கண்டு பூரித்துச் சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் அனுப்பிய பணமும் கைகொடுத்தன. ஊட்டி, கொடைக்கானல் என்று நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. “நம்ம ஊரு ஓலைச்சுவடி அங்க போய் முந்நூறு வருஷமா உக்காந்திருக்கு தாத்தா, நாங்க போய்ப் பதினஞ்சு நாள் இருந்துட்டு வரக்கூடாதா?” என்று அந்தச் சிநேகிதிதான் கேட்டாள். ஜெர்மனியில் ஹாலே என்று ஒரு நகரம் இருப்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே இரண்டு நாளும், பெரும்பாலான நாட்கள் தங்கள் நாட்டிலும் என்று திட்டம் வகுத்தார்கள். எங்கே அதிக நாள் தங்குவோமோ அந்த நாட்டிடமே விசா கேட்க வேண்டும் என்பது விதியாதலால் தங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இருவரும் ஒரே நாளில், ஒரே ஜன்னலில், ஒரே அட்டவணைப்படி அடுக்கிய காகிதங்களைக் கொடுத்தார்கள். தலைக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்பீடு. இருவர் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்ட ஹோட்டல் பதிவு. பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் போய்வர விமான டிக்கெட் பதிவு. பத்து விரல்களின் ரேகையையும் கொடுத்தார்கள். அந்த ரேகை 59 மாதங்களுக்குச் செல்லும் என்று அறிந்து, எங்கள் ஊர் ரேஷன் கடை இயந்திரம் என் விரலை 59 நாள்கூட நினைவில் வைத்துக்கொள்வதில்லையே என்று தங்கள் இயந்திரங்களை மெச்சினேன். பன்னிரண்டு நாளில் தபால் வந்தது. என் பேத்தியின் பாஸ்போர்ட்டில் பதினைந்து நாளுக்கான விசா வில்லை பளபளத்தது. சிநேகிதியின் பாஸ்போர்ட்டோடு அச்சடித்த தாள் ஒன்று வந்தது. அதிலிருந்த பல கட்டங்களுள் ஒன்றில் தாங்கள் குறியிட்டிருந்தீர்கள்: விசா முடியுமுன் இவள் எங்கள் எல்லையை விட்டு நீங்குவாள் என்பதில் நியாயமான ஐயம் உண்டு.

ஐயத்தைக் குறைகூற நான் துணியமாட்டேன். ஆனால் ஐயத்தை எந்தத் தலையில் வைப்பது என்பதில் தாங்கள் சற்றே இடம் மாறிவிட்டீர்கள் என்பதைத்தான், முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளின் முகம் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் ஐயுற்ற பெண்ணுக்கு ஊரில் ஒரு தாய், எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, இரண்டு ஆடு, கொல்லையில் அவள் தண்ணீர் ஊற்றினாலொழியப் பூக்காது என்று அவள் நம்பும் ஒரு முல்லைக்கொடி ஆகியவை இருக்கின்றன. மாயவரத்தில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்கூட மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். நர்ஸிங்குக்குத் தஞ்சாவூரைத் தேர்ந்ததே சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வரலாம் என்பதற்காக. என் பேத்தியோ, ஒன்பதாம் வகுப்பு முதலே தன் அறைச் சுவரில் கனடாவின் படத்தை ஒட்டிவைத்து, மேற்படிப்புக்கு எங்கே போகலாம், போனபின் அங்கேயே எப்படித் தங்கலாம் என்று சிநேகிதிகளுக்கு உபந்நியாசம் செய்பவள். திரும்பி வரமாட்டாள் என்று எங்கள் வீட்டில் நாங்கள் அஞ்சிக்கொண்டிருப்பதெல்லாம் இவளைப் பற்றியே. இவளுக்குத்தான் தாங்கள் கதவைத் திறந்தீர்கள். ஏனெனில் இவளுக்குப் பின்னால் என் டெபாசிட் இருந்தது. எங்கள் ஜில்லாவிலிருந்து கடல் கடந்து போய்த் திரும்பாதவர்களின் வீடுகளை நான் அறிவேன். பெரும்பாலும் மாடி வைத்த வீடுகள். வாசலில் கார் நிற்கும், உள்ளே இரண்டு கிழங்கள் இருக்கும். பாங்க் ஸ்டேட்மெண்டைப் பார்த்து ஒரு பெண்ணின் பாசத்தை அளக்கும் வித்தையைத் தாங்கள் எந்தப் பாடசாலையில் கற்றீர்கள் என்று தெரிந்தால், எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்களையும் அங்கே அனுப்பலாம். அவர்கள் இதே முறையைத்தான் கைக்கொள்கிறார்கள் என்றாலும் சான்றிதழ் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள்.

பெயர் விஷயத்தைச் சொல்லித் தங்கள் பொழுதைக் கெடுக்க விரும்பவில்லை. குடும்பப் பெயர் என்ற வழக்கம் எங்களுக்கு இல்லை, தலைப்பெழுத்து ஒன்றுதான் உண்டு. அதை விரித்து எழுதச் சொன்னதால் இரண்டு பெண்களும் தங்கள் ஏடுகளில் தத்தம் தகப்பனார்களாகவே உலவிவருகிறார்கள். சிநேகிதியின் தகப்பனார் காலமாகி ஆறு ஆண்டு ஆகிறது. அவர் பெயரை அழைத்து ஜன்னலுக்கு வரச் சொன்னபோது அந்தப் பெண் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாளாம்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. விண்ணப்பப் படிவத்தில் பிரயாணத்தின் நோக்கங்களை வரிசையாக அச்சிட்டிருக்கிறீர்கள். உறவினரையோ நண்பரையோ காணப் போவது அவற்றுள் ஒன்று. ஆக, போய்ச் சேருமிடத்தில் நண்பர் இருந்தால் அவர் தங்களுக்கு ஒரு மனிதர். உடன் வரும் நண்பருக்கோ அந்தத் தாளில் ஓர் அங்குல இடமும் இல்லை. மணமானவளா என்ற கேள்விக்குக்கூட விடை எழுதிய பெண்கள், “நாங்க ரெண்டு பேரும் சேந்து போறோம்னு எங்க தாத்தா எழுதுறது?” என்று என்னைக் கேட்டபோது, நான் ஓரத்தில் எழுதுங்கள் என்றேன். ஓரத்தில் எழுதியதைத் தாங்கள் படிக்கவில்லை போலும். படித்திருந்தால் இருவருக்கும் கொடுத்திருப்பீர்கள். அல்லது இருவருக்கும் மறுத்திருப்பீர்கள், அதுவும் ஒருவகை மரியாதைதான்.

இந்த இடத்தில் எங்கள் பழைய வழக்கு ஒன்றைத் தங்கள் முன் வைக்க அனுமதி வேண்டும். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் ஆந்தையார் என்ற புலவர் இருந்தார். சோழ நாட்டு அரசன் கோப்பெருஞ்சோழனும் அவரும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. ஆயினும் உயிர்ச் சிநேகிதர்கள். பெற்ற பிள்ளைகளோடு ஏற்பட்ட மனவருத்தத்தால் அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தை வருவான், அவனுக்கு என் பக்கத்தில் ஓர் இடம் விட்டுவையுங்கள் என்றானாம். அப்படியே அவரும் வந்து சேர்ந்தாராம். புறநானூற்றில் உள்ள இந்த வரலாற்றை இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். தங்கள் படிவத்தைப் பார்த்த பிறகுதான், அந்தப் புலவர் எல்லையில் என்ன பாடுபட்டிருப்பார் என்று தோன்றுகிறது. போகுமிடம்: உறையூர்ப் பக்கம். நோக்கம்: இதுவரை பாராத நண்பருடன் பட்டினி கிடந்து இறப்பது. தங்கும் காலம்: ஆயுள் உள்ளவரை. செலவுக்குப் பணம்: உணவே இல்லையாதலால் தேவையில்லை. தங்குமிடம்: ஒதுக்கப்பட்டுவிட்டது, அரசர் வாய்மொழியே சாட்சி. திரும்பும் டிக்கெட்: இல்லை. இவ்வளவுக்கும் பிறகு அவரை எல்லையில் ஒருவரும் தடுக்கவில்லை என்றால், அந்தக் காலத்து அதிகாரிகள் எவ்வளவு அஜாக்கிரதையானவர்கள் என்று தாங்களே கண்டுகொள்ளலாம்.

அஜாக்கிரதை அத்தோடு நிற்கவில்லை. 1620இல் டேனிஷ்காரர்கள் எங்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ் அரசனுக்குப் பொன்னேட்டில் தமிழெழுத்தால் திருமுகம் எழுதி அனுப்பினார். அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. பாங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டாரா, ஹோட்டல் பதிவு கேட்டாரா, தெரியாது. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது என்ற தங்கள் அருமையான விதி அன்று அவருக்குத் தோன்றாமற் போனதால், வந்தவர்கள் கோட்டையும் கட்டிக்கொண்டு 225 ஆண்டுகள் தங்கி, 1845இல் ஊரை இங்கிலீஷ்காரருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். விருந்தாளி விடைபெறும்போது வீட்டை விற்றுப் போவது எங்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

அந்த டேனிஷ் கப்பல்களில் ஒன்றில்தான் 1706ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று, ஹாலேயில் படித்த ஒருசாலை மாணாக்கர் இருவர் வந்து இறங்கினார்கள்: ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்ச்சோ. தங்கள் மேஜைக்கு இந்த இரண்டு விண்ணப்பங்களும் வந்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சீகன்பால்குக்கு இருபத்து மூன்று, நான்கு வயதிருக்கும்; சிறு பிராயத்திலேயே தாயும் தகப்பனும் இறந்தவர்; எப்போதும் ஏதாவது ஒரு நோய். தாய்நாட்டோடு பந்தம் குறைவு, ஆகவே மறுக்க என்று தாங்கள் குறியிட்டிருப்பீர்கள், உண்மையில் அந்த ஒரு தடவை தங்கள் ஐயம் பலித்தும் இருக்கும். புளுட்ச்சோ 1711இல் ஊர் திரும்பினார். சீகன்பால்கு பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்து, 1719இல் இங்கேயே இறந்து, தாம் கட்டிய கோயிலுக்குள்ளேயே உறங்குகிறார். நடுவில் அவர் டேனிஷ் தளபதியின் கையால் நாலு மாதம் சிறையும் இருந்தார். எங்கள் ஊரார் அவரைத் திரும்பிப் போகும்படி காகிதம் எதுவும் அனுப்பவில்லை.

ஐரோப்பாவுக்கு அவர் ஒரு முறை போய்வந்தபோது, மலையப்பன் என்ற தமிழ்ப் பிள்ளை ஒருவனையும் உடன் அழைத்துப் போனார். அந்தப் பயணத்தை ஒட்டித்தான் அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சேறியது. மலையப்பன் தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திரும்புவார்களா என்பதற்கு முந்நூறு ஆண்டுக்கு முந்தைய முன்னுதாரணம் இது. விண்ணப்பத்தோடு இணைக்காதது எங்கள் பிழை. திரும்பாதவை ஓலைச்சுவடிகள்தாம். ஹாலேயில் பிராங்கே அறநிலையத்தின் சுவடிச்சாலையில் அவை சௌக்கியமாக, தக்க குளிர்ச்சியில், நிரந்தர வாசம் செய்கின்றன. எங்கள் கறையானிடமிருந்து அவற்றைக் காப்பாற்றிய உபகாரத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவற்றைப் போய்ப் பார்த்து, முதல் ஏட்டையாவது படித்துவிட்டு வரவேண்டுமென்று ஆசைப்பட்டவள் தாங்கள் ஐயுற்ற பெண்தான். என் பேத்திக்கு ஓலையைவிட ஹாலேயின் சாக்லேட் கடைகளின் மீதே நாட்டம் என்பதை, இரத்த பாசத்தையும் மீறி ஒப்புக்கொள்கிறேன்.

பதினெட்டு வயதில் ஊர் சுற்றுவது நல்லது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் ஐரோப்பிய ஒன்றியமே 2018 முதல் டிஸ்கவர் ஈயூ என்ற பெயரில், பதினெட்டு வயது நிரம்பிய தங்கள் பிள்ளைகளுள் தேர்வு பெறுவோருக்கு ரயில் பாஸை இலவசமாகக் கொடுத்து, முப்பது நாள் வரை ஊர் ஊராகப் போய் உலகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவைக்கிறது. அதைவிட மெச்சத்தக்கது, ஐந்து பேர் வரை கூட்டாகச் சேர்ந்து அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது. ஆக, சிநேகிதம் என்ற ஒன்று உண்டென்பதும், அது பதினெட்டு வயதில் ரயிலேற ஆசைப்படும் என்பதும், ரயிலேறிய பிள்ளைகள் வீடு திரும்புவார்கள் என்பதும் தங்கள் சர்க்காருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தது எந்த ஜன்னலில் வந்து மறந்துபோகிறது என்பதுதான் விளங்கவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று தங்கள் தாளின் அடியில் கண்டிருக்கிறது. வக்கீலைக் கேட்டோம், முடிவு வருவதற்குள் இருவரும் முதல் செமஸ்டர் எழுதிவிடுவார்கள் என்றார். என் பேத்தியைத் தனியாகப் போய்வா என்று சொல்லிப் பார்த்தேன். கனடா படத்தை ஒட்டிய அந்தப் பெண், “அவ இல்லாம நான் மட்டும் போய் யாரோட பேசுறது?” என்று கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். சிநேகிதியின் தாயார் 90 யூரோவை ரூபாயாக மாற்றி, அதை ரவிக்கைக் கூலியாக மாற்றி, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பெண்கள் இருவரும் நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். அதைத் தங்கள் சமூகத்தில் தெரிவிப்பதற்காகவே இந்தக் கடிதம். தாங்கள் அளித்திருப்பது ஒருத்திக்குப் பதினைந்து நாள். ஆறாம் வகுப்பு முதல் எல்லாவற்றையும் பங்கு போட்டே பழகியவர்களாதலால், அதை ஆளுக்கு ஏழரை நாளாகப் பிரித்துத் தர விதியில் இடமுண்டா என்று கேட்கச் சொன்னார்கள். இல்லையென்றால், அந்த அரை நாளையாவது சிநேகிதிக்குக் கொடுத்தால் போதுமாம். ஓலையைப் பார்த்துவிட்டு உடனே வந்துவிடுவாளாம், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டுமல்லவா.

இப்படிக்கு,
தங்கள் நியாயமான ஐயத்துக்கு இன்னும் ஆளாகாத,
ஒரு தாத்தா